கோதை என்றொரு பெயர்

கதை எழுதுகிறவனுக்கு உறவுக்காரர்கள் வீட்டில் சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்று உண்டு. குழந்தைக்குப் பெயர் சொல்ல வேண்டும். "அத்தனை கதாநாயகிகளுக்கும் பெயர் வைக்கிறீர்களே, எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஒன்று சொல்லக் கூடாதா?" என்பார்கள். சொன்னால் வைக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

சென்ற ஆவணியில் செட்டியார்பட்டிக்குப் போயிருந்தேன். ராஜபாளையத்தில் இறங்கி வேறு பஸ் மாறிப் போக வேண்டும். மேற்கே மலைத்தொடர் கூடவே வரும். தளவாய்புரம் வட்டாரம் நெருங்கியதும் தையல் மெஷின் சத்தம் காதில் விழ ஆரம்பித்துவிடும். பெண்கள் அணியும் நைட்டி தைப்பதில் பேர்போன பகுதி அது. அங்கே என் ஒன்றுவிட்ட அண்ணன் வீடு. பேத்தி பிறந்து ஐந்து மாதம் ஆகியும் பெயர் வைத்தபாடில்லை. பிறப்பைப் பெயரில்லாமலே பதிவு செய்துவிட்டுப் பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. இந்தச் சலுகை இல்லாதிருந்தால் எத்தனையோ குடும்பச் சண்டைகள் ஒரே வாரத்தில் தீர்ந்துபோயிருக்கும்.

சண்டை பெரிதல்ல. மதினிக்குத் தன் மாமியார் பெயரைத்தான் வைக்க வேண்டும். மருமகளுக்கு அது பிடிக்கவில்லை.

"சின்ன மாமா, நீங்களே சொல்லுங்க. இந்தக் காலத்துல ஆண்டாள்னு வெச்சா பள்ளிக்கூடத்துல கிண்டல் பண்ண மாட்டாங்களா? நான் வேற சாமி பேரு கேக்கலையே. கோதைன்னு வைங்கன்னுதானே சொல்றேன்?"

"அவுக பேரு இந்த வீட்ல வெளங்கணும் தம்பி. அம்புட்டுத்தான் நான் கேக்கேன்" என்றாள் மதினி.

அண்ணன் திண்ணையில் இருந்தபடியே தீர்ப்புச் சொன்னான். "ஆண்டாளும் கோதையும் ஒண்ணுதானடா? இதுக்குப் போயி நாலு மாசமா மல்லுக்கட்டுறாக."

ஒன்றுதானே? ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் ரங்கமன்னாருக்குப் பக்கத்தில் நிற்கிறவள் ஒருத்திதான். ஆனால் சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு புத்தகங்களை எடுத்துப் புரட்டினேன். புரட்டப் புரட்ட, மருமகள் பக்கம் ஒரு நியாயமும் மதினி பக்கம் வேறொரு நியாயமும் வளர்ந்துகொண்டே போயின.

முதலில் கோதையை எடுத்துக்கொள்வோம். கோத்தது கோதை. அதாவது மாலை. மாலை சூடிய கூந்தலுக்கும் அந்தப் பெயர் வந்தது. அந்தக் கூந்தலை உடைய பெண்ணுக்கும் வந்தது. பூங்கோதை என்று இன்றும் பெண்களுக்குப் பெயர் வைக்கிறார்களே, அதில் இந்த மூன்று பொருளும் கலந்து கிடக்கின்றன. இதுவரை யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆனால் தமிழ்நாட்டில் இந்தப் பெயரோடு முதலில் நமக்குத் தெரியவரும் ஆசாமிகள் பெண்கள் அல்ல. மீசை வைத்த ராஜாக்கள்! சேர அரசர்களுக்குக் கோதை என்பது பட்டப்பெயர். கோக்கோதை மார்பன் என்று ஒரு சேரனைப் பொய்கையார் பாடியிருக்கிறார். கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் ஓர் அரசனுடைய தலையும் அதைச் சுற்றிப் பழைய எழுத்தில் 'மாக்கோதை' என்ற பெயரும் இருக்கின்றன. இன்னொரு காசில் 'குட்டுவன் கோதை'. போருக்குப் போகிறவன் மாலை சூடிப் போவான். ஆகையால் மாலை அவன் பெயராயிற்று போலும்.

இந்த மாக்கோதை என்ற பெயரில் ஒரு சேரன் புறநானூற்றிலும் வருகிறான். அவனைப் பாடிய பாட்டு அல்ல, அவனே பாடிய பாட்டு. மனைவியைச் சிதையில் வைத்து எரித்த பிறகு, நான் இன்னும் உயிரோடு இருக்கிறேனே என்று புலம்புகிறான். அந்த நூலிலுள்ள 400 பாட்டுகளில் என்னை அதிகம் தொல்லைப்படுத்துவது இந்த 245-ஆம் பாட்டு. தொல்லைக்குக் காரணம் அவன் துக்கம் மட்டும் அல்ல. பாட்டின் அடியில் ஒரு குறிப்பு இருக்கிறது: கோட்டம்பலத்தில் இறந்த மாக்கோதை தன் பெருங்கோப்பெண்டு இறந்தபோது பாடியது என்று. பெருங்கோப்பெண்டு என்றால் பட்டத்து ராணி. அவ்வளவுதான். ராஜாவுக்குப் பெயர் இருக்கிறது, அவன் செத்த இடத்துக்குக்கூடப் பெயர் இருக்கிறது. எவளுக்காக அந்தப் பாட்டுப் பிறந்ததோ அவளுக்குப் பதவிதான் இருக்கிறது, பெயர் இல்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாருங்கள். சில நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. எட்டாம் நூற்றாண்டா, ஒன்பதாம் நூற்றாண்டா என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். திருப்பாவையில் வெள்ளி எழுந்து வியாழன் மறைந்ததைச் சொல்லும் குறிப்பை வைத்து மு. இராகவையங்கார் 731-ஆம் வருஷம் என்று கணக்குப் போட்டார். வருஷம் எதுவாயினும் ஆடி மாதம், பூர நட்சத்திரம். நந்தவனத்தில் துளசிச் செடியின் அடியில் ஒரு பெண் குழந்தை கிடக்கிறது. விஷ்ணுசித்தர் எடுத்து வளர்க்கிறார். கோதை என்று பெயர் வைக்கிறார்.

இந்த விஷ்ணுசித்தராகிய பெரியாழ்வாருக்குக் குழந்தைகளுக்குப் பெயர் வைக்கும் விஷயத்தில் அழுத்தமான கொள்கை ஒன்று உண்டு என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறார்கள்? அதற்காகவே பத்துப் பாட்டுப் பாடியிருக்கிறார். காசு கிடைக்கும், துணிமணி கிடைக்கும் என்று எவனோ ஒரு பெரிய மனிதன் பெயரைப் பிள்ளைக்கு வைக்கிறீர்களே, இது என்ன புத்தி? நாராயணன் பெயரை வையுங்கள், கேசவன் பெயரை வையுங்கள். அப்படி வைத்தால் பெற்றவள் நரகத்துக்குப் போக மாட்டாள் என்று அடித்துச் சொல்கிறார். அந்தக் காலத்திலும் மிராசுதார் பெயரை வைத்துவிட்டு வேஷ்டிக்குக் காத்திருந்தவர்கள் இருந்திருக்கிறார்கள்!

ஊருக்கெல்லாம் இப்படி உபதேசம் செய்தவர், தமக்கென்று ஒரு குழந்தை கிடைத்தபோது என்ன செய்தார்? பெருமாள் பெயரைப் பெண்ணுக்கு வைக்க முடியாது என்றால், லக்ஷ்மி என்று வைத்திருக்கலாம். பூமியில் கிடைத்தவள், பூதேவி என்று வைத்திருக்கலாம். வைக்கவில்லை. பூமாலை என்று வைத்தார். விடிந்தால் பூப்பறித்து மாலை கட்டிப் பெருமாளுக்குச் சாத்துவதுதான் அவருக்குத் தொழில். யசோதையின் பூ முடித்த கூந்தலைப் பாடும்போதுகூட இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். குடலையோடு போனவருக்குக் குழந்தை கிடைத்ததும் வாயில் வந்த சொல் அவர் கையிலிருந்த சொல்தான். சாஸ்திரம் பார்த்து வைத்த பெயர் அல்ல; சந்தோஷத்தில் வந்த பெயர். தகப்பன்மார் கொள்கையை மறக்கும் நேரம் ஒன்று உண்டு. எனக்குப் பெரியாழ்வாரிடம் அதிக அன்பு இந்த இடத்தில்தான்.

கோதை என்பதற்கு வடமொழிக்காரர்கள் வேறு அர்த்தம் கண்டார்கள். கோதா என்று பிரித்து, 'கோ' என்றால் வாக்கு, 'தா' என்றால் கொடுப்பவள். வாக்கைக் கொடுத்தவள் என்றார்கள். 'கோ'வுக்குப் பூமி, பசு என்றெல்லாம் பொருள் உண்டு. ஆகவே அர்த்தங்களுக்குப் பஞ்சமில்லை. வேதாந்த தேசிகர் 29 சுலோகங்களில் கோதா ஸ்துதி பாடினார். கோதாவரி நதிக்கும் கோதா என்று ஒரு பெயர் இருப்பது கவிகளுக்குப் பெரிய வசதியாகப் போய்விட்டது. பிறகு 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர் 'ஆமுக்தமால்யதா' என்ற தெலுங்குக் காவியம் எழுதினார். தலைப்பு வேறொன்றுமில்லை, நம்முடைய 'சூடிக்கொடுத்தவள்'தான். கதாநாயகி கோதா. ஒரு சக்கரவர்த்தி வேற்று மொழியில் உட்கார்ந்துகொண்டு எங்கள் வட்டாரத்துப் பெண்ணைக் கதாநாயகியாக்கி எழுதினார் என்பதில் எனக்கு, எழுதுகிறவன் என்ற முறையில், சற்றுப் பொறாமை உண்டு. ராஜபாளையத்தில் ராஜுக்கள் வீட்டுக்குள் இன்றும் தெலுங்கு பேசுகிறார்கள். அந்த வீடுகளில் 'கோதா' என்று கேட்டால் அது வடமொழியும் அல்ல, தமிழும் அல்ல, மூன்றாவதாக ஒரு சொந்தம்.

சரி, 'ஆண்டாள்' எங்கே வந்தது?

இங்கேதான் அண்ணனுடைய தீர்ப்பில் எனக்குச் சந்தேகம். அவள் பாடியவை மொத்தம் 173 பாட்டுகள். திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143. இவற்றில் எங்கேயும் அவள் தன்னை ஆண்டாள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. திருப்பாவையின் கடைசிப் பாட்டிலும், நாச்சியார் திருமொழியில் பல பதிகங்களின் முடிவிலும், இன்ன ஊர், இன்னாருடைய கோதை, நான் பாடினேன் என்று கையெழுத்துப் போடுகிறாள். தகப்பனாரோ, தமக்கு ஒரே மகள் இருந்ததையும் அவளைத் திருமால் கொண்டுபோனதையும் ஒரு தாயின் குரலில் உருகிப் பாடியவர், அந்தப் பாட்டில் அவள் பெயரைச் சொல்லவில்லை. சங்க காலத்து ராணிக்குப் பெயர் இல்லாமல் போயிற்று என்றேன் அல்லவா? இந்தப் பெண்ணுக்கு அப்படி ஆகவில்லை. காரணம், மற்றவர்கள் எழுதி வைப்பார்கள் என்று அவள் காத்திருக்கவில்லை. தன் பெயரைத் தானே எழுதிவிட்டாள்.

ஆண்டாள் என்பது பார்த்தவர்கள் வைத்த பெயர். மாலையைத் தான் சூடி அழகு பார்த்துவிட்டுக் கொடுத்தாள். தகப்பனார் கண்டு பதறிப் புது மாலை கட்டினார். அவள் சூடியதுதான் வேண்டும் என்று பெருமாள் கனவில் சொன்னார். அன்று முதல், ஆண்டவனையே ஆண்டவள் ஆனாள் என்பது கதை. நாதமுனிகளின் சீடர் உய்யக்கொண்டார் திருப்பாவைக்குப் பாடிய தனியனில் இந்தப் பெயர் வந்துவிட்டது. ராமாநுஜர் காலத்தில் பெண்களுக்குச் சாதாரணமாக வைக்கும் பெயராகிவிட்டது. கூரத்தாழ்வானின் மனைவி பெயர் ஆண்டாள். ராமாநுஜரின் மருமகனுக்கு முதலியாண்டான் என்று பெயர். ஆண்டான், ஆண்டாள் இரண்டும் வைஷ்ணவ வீடுகளில் ஜோடியாகப் புழங்கிய மரியாதைச் சொற்கள் என்று தெரிகிறது. கூரத்தாழ்வானின் பிள்ளை பராசர பட்டர் வடமொழியில் ஒரு தனியன் செய்தார். அதில் அவர் வணங்குவது கோதா என்ற பெயரைச் சொல்லித்தான். பெற்ற தாயின் பெயர் ஆண்டாளாக இருக்கும்போது பாட்டில் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்திருக்குமோ என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள். கதை எழுதுகிறவனின் கோணல் புத்தி.

இலக்கணப்படி பார்த்தால் ஆண்டாள் வினோதமான பெயர். லக்ஷ்மி, மீனாக்ஷி என்றால் ஓர் ஆள். ஆண்டாள் என்றால் ஒரு செய்கை. ஆட்சி செய்தாள் என்று முழு வாக்கியமே பெயராக நிற்கிறது. வினையாலணையும் பெயர் என்பார்கள். இப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு எங்கள் ஜில்லாவில் எத்தனை பெண்கள் எதை ஆண்டார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரித்துக்கொண்டே இருக்க முடிவதில்லை.

மதினி சொன்ன 'அவுக', என் பெரியம்மா. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிவகாசி போகும் வழியில் மல்லி என்று ஓர் ஊர் இருக்கிறது, அங்கே பிறந்தவள். மல்லி என்ற ராணியின் மகன் வில்லி கட்டியதால்தான் வில்லிபுத்தூருக்கு அந்தப் பெயர் என்று ஸ்தல புராணம் சொல்லும். ஆக, ராணியின் ஊரிலிருந்து வந்தவள். செட்டியார்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் பெயர் 'மல்லிக்காரி'. என் பாட்டி அப்படித்தான் கூப்பிடுவாள், தெருவும் அப்படித்தான். பெரியப்பா "ஏய்" என்பதோடு சரி. எனக்குப் பெரியம்மா, மற்றவர்களுக்கு அத்தை, மதினி, ஆச்சி. அவள் பெயர் ஆண்டாள் என்பதே எனக்குப் பதினைந்து வயதில் ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனபோதுதான் தெரியும். கடைக்காரர் பெயரை உரக்கப் படித்தார். அது யார் என்று விழித்து, என் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தேன்.

மாமியார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது, புருஷன் பெயரைச் சொல்லவே கூடாது என்ற வழக்கம் நம் வீடுகளில் பெயருக்குச் செய்த அநியாயம் கொஞ்சமல்ல. பேத்திக்குப் பாட்டி பெயரை ஆசையாக வைப்பார்கள். பிறகு கூப்பிட முடியாது. குழந்தை 'அம்மாளு'வாகவும் 'ராஜாத்தி'யாகவும் 'பாப்பா'வாகவும் வளர்ந்து, கிழவியாகி, அதே பெயரோடு போய்ச் சேரும். வைத்த பெயர் பத்திரத்தில் பத்திரமாக இருக்கும்.

விதிவிலக்குகள் உண்டு. சென்னையில் 1928-இல் மெட்ராஸ் சேவா சதன் என்று பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஓர் இல்லத்தை ஹைகோர்ட் நீதிபதி வேங்கடசுப்பா ராவும் அவர் மனைவி ஆண்டாளும் தொடங்கினார்கள். கணவருக்கு 'சர்' பட்டம் கிடைத்ததால் அந்த அம்மாள் 'லேடி ஆண்டாள்' ஆனார். இன்று அந்தப் பெயரில் பள்ளிக்கூடம் நடக்கிறது. வெள்ளைக்காரன் பட்டத்துக்குப் பக்கத்தில் வில்லிபுத்தூர்ப் பட்டம்!

ஆனால் என் தொழிலைச் சேர்ந்தவளாக நான் சொந்தம் கொண்டாடுவது ஒரு கோதையை. வை. மு. கோதைநாயகி அம்மாள். 1901-இல் பிறந்தவர். ஆறு வயது நிரம்புமுன் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. கதை சொல்லும் சக்தி மட்டும் உள்ளே இருந்தது. முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல ஒரு தோழி எழுதிக் கொடுத்தார். 1925-இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை எடுத்து நடத்த ஆரம்பித்தார். 1960-இல் காலமாகும் வரை 115 நாவல்கள். மேடையில் பாடினார், பேசினார். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். இலக்கிய விமரிசகர்கள் அந்த நாவல்களைப் பற்றி முகம் சுளிப்பார்கள், இருக்கட்டும். எழுதத் தெரியாமல் புருஷன் வீட்டுக்கு வந்த ஒரு பெண், 35 வருஷம் மாதா மாதம் பத்திரிகையின் மேல் தன் பெயரை அச்சடித்துப் போட்டாள். பாட்டுக்குப் பாட்டுக் கையெழுத்துப் போட்ட அந்தப் பழைய கோதைக்குப் பிறகு அந்தப் பெயரை இவ்வளவு தடவை எழுதிப் பார்த்தவள் வேறு யார்?

கதைகளிலிருந்து பெயர்கள் வீட்டுக்குள் வருவதும் நடந்திருக்கிறது. 1950-லிருந்து 1954 வரை கல்கி 'பொன்னியின் செல்வன்' எழுதியதற்குப் பிறகுதான் வானதிகளும் பூங்குழலிகளும் தமிழ்நாட்டில் பெருகினார்கள். நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' வந்த பிறகு பூரணிகள். எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய பரிசு இல்லை என்பேன். எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. என் கதாநாயகி ஒருத்தியின் பெயரை ஒரு வாசகி வைத்ததாகக் கேள்விப்பட்டுப் பெருமைப்பட்டு விசாரித்தேன். அவர்கள் வீட்டுப் பசுவுக்கு.

இப்போது கைபேசியில் தட்டினால் ஆயிரம் பெயர் கொட்டுகிறது. முதல் எழுத்து இன்னது, கூட்டுத்தொகை இன்னது என்று எண் சாஸ்திரக்காரர்கள் சொல்ல, வாயில் நுழையாத பெயர்களைச் சூட்டுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் கோதை மெள்ள மறுபடியும் தலைகாட்டுவதைப் பார்க்கிறேன். படித்த பெண்கள் கேட்டு வைக்கிறார்கள். சின்னப் பெயர், சுத்தத் தமிழ், கூப்பிட எளிது. ஆண்டாளுக்கு அந்த அதிர்ஷ்டம் இன்னும் வரவில்லை. கோயிலில் மட்டும் குறைவில்லை. புரட்டாசி பிரம்மோத்ஸவத்துக்கு அவள் சூடிய மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகிறது; சித்திரையில் மதுரைக்கு, கள்ளழகருக்கு. மரவள்ளி இலையில் உடலும் மாதுளம் பூவில் மூக்குமாகத் தினமும் புதிதாக ஒரு கிளி செய்து அவள் கையில் வைக்கிறார்கள். மறுநாள் அது பழசு.

ஐப்பசியில் மறுபடி அழைப்பு வந்தது. பெயர் முடிவாகிவிட்டது என்று அண்ணன் சொன்னானே ஒழிய, எது என்று சொல்லவில்லை. போனேன். குழந்தை தொட்டிலில் கிடந்து கால் கட்டை விரலைச் சுவைத்துக்கொண்டிருந்தது. மருமகளைக் கேட்டேன். "கோதைதான், சின்ன மாமா. பேரூராட்சியில எழுதிக் குடுத்தாச்சு" என்றாள். ஜெயித்த குரல் அல்ல. "அத்தைதான் சரின்னுட்டாங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். ஆண்டாள்னே வைப்போம், நீங்க ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டுங்கன்னேன். ரெண்டு நாள் பேசவே இல்ல. அப்புறம் கோதைன்னே வெச்சுருன்னுட்டாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல."

காதில் மூன்று தடவை பெயர் சொல்லும் நேரம் வந்தது. மருமகள் குழந்தையைத் தூக்கி மாமியார் மடியில் வைத்தாள். மதினி முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தோடு தன் முகத்தையும் சேர்த்து மூடிக்கொண்டாள். சொல்லி முடிக்கச் சற்று அதிக நேரம் ஆயிற்று. "என்ன மதினி, எத்தனை எழுத்து?" என்று கேட்டேன்.

"சொல்லியாச்சு தம்பி" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குழந்தை தும்மியது.